ஷீட் பைல் சுவரில் ஆரஞ்சுக் கட்டி, ஆனோடு மட்டும் புத்தம் புதுசு: என்ன செய்யலாம்?

துவாஸ்காரன்:
சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் ஜெட்டி 40 மீட்டர் நீளம், யு வடிவ ஷீட் பைல் (ஒன்றோடொன்று கோத்து மண்ணில் அடித்த இரும்புத் தகடுகள்), அடித்து 19 வருஷம் ஆகிறது. போன பௌர்ணமிக்குத் தண்ணீர் நன்றாக வற்றியபோது படகில் போய்ப் பார்த்தேன். நீர்மட்டத்தை ஒட்டி, ஒவ்வொரு பைலிலும் கடலைப் பார்த்த நடுப்பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் கட்டி கட்டியாக இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் உள்ளே மை மாதிரிக் கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். அதையும் துடைத்தால் இரும்பு பளபளவென்று மின்னுகிறது. துரு இல்லையே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஒலியலையால் தடிமம் அளக்கிற யூ.டி. மீட்டரை வைத்தால் 7.1 மி.மீ. காட்டுகிறது. வரைபடத்தில் 12. ஒரு மீட்டர் மேலே 11.3 இருக்கிறது.

8 வருஷத்துக்கு முன்னால் அலுமினிய ஆனோடு (இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கிற உலோகக் கட்டி) போட்டிருக்கிறார்கள். டைவர் எடுத்த படத்தில் எல்லாம் புதுசு மாதிரியே இருக்கின்றன. முதலாளி "தேய்த்து எபாக்ஸிப் பூச்சு அடி, போதும்" என்கிறார். போதுமா?

வர்ணக்காரர்:
தண்ணீருக்கடியில் பிடிக்கிற எபாக்ஸி இருக்கிறது தம்பி, நாங்கள் அடித்திருக்கிறோம். இல்லையென்றால் மெழுகுக் களிம்பு தோய்த்த பெட்ரோலேட்டம் டேப் சுற்றிவிடுங்கள்.

முக்குளிப்பான்:
டேப் குழாய் பைலுக்குச் சரி அண்ணே, மடிப்பு மடிப்பாக இருக்கிற சுவரை எப்படிச் சுற்றுவது?

துவாஸ்காரன், இது சாதாரணத் துரு இல்லை. வற்று மட்டத்தில் நுண்ணுயிர்கள் சேர்ந்து தின்கிற அரிப்பு. உள்ளே காற்றில்லாத சேற்றில் ஒரு கூட்டம் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும், மேலே இன்னொரு கூட்டம் அதை அமிலமாக்கும். பளபளப்பு அமிலம் தின்ற தடம். பழைய தடிம அறிக்கை இருந்தால் அதே இடத்து அளவைப் பாருங்கள்.

அப்புறம், ஆனோடு புதுசாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எட்டு வருஷம் உழைத்த ஆனோடு கடித்துத் துப்பின கரும்புச் சக்கை மாதிரி இருக்கும். கரையாத ஆனோடு வேலை செய்யாத ஆனோடு. ஒப்பிட்டு அளக்க வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனை ஒன்று வாங்கித் தண்ணீரில் இறக்கி, மல்டிமீட்டரால் பைலில் மின்னழுத்தம் பாருங்கள். −800 மில்லிவோல்ட்டோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். இந்த நுண்ணுயிர் இருந்தால் −900.

துவாஸ்காரன்:
பார்த்துவிட்டேன் அண்ணே. பைல் எல்லாம் −630, −640. ஆனோடு மேலேயே தொட்டால் −1,050! டைவர் மறுபடி இறங்கிப் பார்த்தார். ஆனோடைப் பிடிக்கிற பிராக்கெட்டை வெல்டிங் செய்யாமல், மின்தொடர்பே இல்லாதபடி பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஆனோடு போடும்போது எடுத்த அறிக்கையில் அதே இடம் 11.2 மி.மீ.

முக்குளிப்பான்:
அப்படியானால் 8 வருஷத்தில் 4.1 மி.மீ., வருஷத்துக்கு அரை மி.மீ. மிதவெப்ப நாட்டுக் கடலில் இந்த மட்டத்துக்கு யூரோகோடு (ஐரோப்பியக் கட்டுமான விதித்தொகுப்பு) அரிப்புக்கென்று ஒதுக்குவதே 50 வருஷத்துக்கு 3.75 மி.மீ.தான்.

முதலில் உயர் அழுத்த நீரால் கட்டிகளைக் கழுவி, இரும்பு தெரிந்ததும் மறுபடி தடிமம் அளக்கச் சொல்லுங்கள். 7.1 தான் மிகக் குறைவு என்று எப்படித் தெரியும்? அந்தக் கணக்கோடு வடிவமைப்புப் பொறியாளரிடம் போங்கள். ஆனோடு தருகிற மின்பாதுகாப்பு மிச்ச இரும்பைக் காக்கும், போன இரும்பைத் தராது. தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால் சுவரோடு ஒட்டுகிற இரும்புப் பெட்டி வைத்துத் தண்ணீரை இறைப்பார்கள். அதற்குள் ஆள் இறங்குமுன் வாயு மானி கட்டாயம். அந்த முட்டை நாற்றம் விஷம், அளவு கூடினால் மூக்குக்கே தெரியாது.

ஆனோடு பிராக்கெட்டை வெல்டிங் செய்யுங்கள். பைலுக்குப் பைல் மாட்டியிருக்கிற இன்டர்லாக்கை நம்ப வேண்டாம், துரு அடைத்தால் மின்சாரம் போகாது. தலைப்பக்கம் ஒரு கம்பியை எல்லாப் பைலையும் தொட்டபடி ஓட்டிப் பற்றவைத்துவிடுங்கள்.

துவாஸ்காரன்:
இருக்கிற ஆனோடு போதுமா? மொத்தம் 600 கிலோ.

முக்குளிப்பான்:
தோராயமாகப் போடுவோம். 40 மீட்டர் நீளம், 7 மீட்டர் ஆழம், யு மடிப்புக்கு 1.4 மடங்கு: 390 சதுர மீட்டர். வெப்பக் கடலில் பெயின்ட் இல்லாத இரும்புக்குச் சராசரி சதுர மீட்டருக்கு 70 மில்லிஆம்பியர் மின்னோட்டம் வேண்டும் என்றால் 27 ஆம்பியர். 15 வருஷத்துக்கு, ஆனோடு கிலோவுக்கு 2,500 ஆம்பியர்-மணி வைத்தால் 1,400 கிலோ பக்கம் வரும். மண்ணுக்குள் இருக்கிற பகுதி தனி. வர்ணக்காரர் அண்ணன் சொன்ன எபாக்ஸி இங்கேதான் உதவும், பூச்சு நன்றாக இருந்தால் இந்தக் கணக்கு நிறையக் குறையும். அலை தெறிக்கிற மேல்பகுதிக்கும் பூச்சுதான் காவல், தண்ணீர் தொடாத இடத்தில் ஆனோடு ஒன்றும் செய்யாது.

ஒன்று கேட்க மறந்தேன். சுவருக்குப் பின்னால் தரை எப்படி இருக்கிறது? எங்கேயாவது ஓட்டை விழுந்திருந்தால் ஒவ்வொரு வற்றத்துக்கும் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

துவாஸ்காரன்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். கிரேன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தரைக்கல் ஒன்று இரண்டு விரல்கடை இறங்கியிருக்கிறது. கம்பியால் தட்டினால் வெற்றுப் பானை மாதிரிச் சத்தம். கிரேனைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கயிறு கட்டிவிட்டேன். முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறார்.