கல்லூரி மாடியில் தொலைநோக்கி வழியே கோள் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரிசல்மணி:
எங்கள் ஊர்க் கல்லூரி, 2025 நவம்பர். முதலில் பேச்சு, காசினி விண்கலம் எடுத்த சனிக்கோள் படங்கள், அப்புறம் மாடியில் 12 இன்ச் டாப்சோனியன் தொலைநோக்கி. வரிசை படிக்கட்டுவரை. அப்பத்தா முறை வந்தபோது கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் அவருக்கு எட்டவில்லை. குதிகாலைத் தூக்கிக் கண்ணை வைத்து, "வெளிச்சந்தான் ஆடுது தம்பி" என்றார். "அதான் பாட்டி சனி. நகருங்க, கூட்டம் நிக்குது" என்றான் மாணவன். உடனே அப்பத்தா, "ஆமாமா, தெரிஞ்சிருச்சு" என்று விலகிக்கொண்டார். ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. அந்தப் பையன் முகம் வாடக் கூடாதென்று சொன்னது. மனசே ஆறவில்லை.

ஏலகிரிவாசி:
நாங்கள் போனது காவலூர் வானாய்வகம். மேகம் மூடி ஒரு கோளும் காணவில்லை. ஆனால் அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியின் கதையைச் சொன்னார்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. மறைக்கும் முன்பே விண்மீன் மங்கியதை அது பதிவு செய்திருக்கிறது. யுரேனஸின் வளையம் பிடிபட்ட இரவு அது. என் தம்பி அந்தக் கட்டடச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நெம்புகோல்:
கரிசல்மணி, மாணவனை மட்டும் குறை சொல்லாதீர்கள். 2025 மார்ச்சில் சனியின் வளையம் நமக்கு விளிம்பை மட்டும் காட்டி நின்றது. நவம்பரிலும் மெல்லிய கோடுதான். காசினி படம் காட்டி மேலே கூட்டிப்போனால் யாருக்கும் ஏமாற்றந்தான். நான் பார்த்தது நிலவு மட்டும், குழிகளின் நிழல் அருமை.

இனிப் போகிறவர்களுக்கு: கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பச் சொல்லுங்கள். கருவிழி வளைவுக் கோளாறுக்கான சிலிண்டர் பவர் இருந்தால் கழற்ற வேண்டாம். குழாயைப் பிடிக்காதீர்கள், கோள் ஓடிவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் தளம் இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கும், பிம்பம் நெளியும். தளம் ஆறட்டும், வரிசையில் கடைசியாக நில்லுங்கள். முழுநிலவன்று நிலவு பார்க்கப் போகாதீர்கள், நிழலே இருக்காது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் போங்கள்.

மின்மினி:
நெம்புகோல், வயசானவரைக் கடைசியில் நிற்கச் சொல்கிறீர்களே! ஏறி நிற்க ஒரு பலகை போடுவது நடத்துகிறவர்கள் பொறுப்பு இல்லையா?

எங்களுக்கு நல்ல பிள்ளைகள் வாய்த்தார்கள். வியாழன் பக்கத்தில் மூன்று நிலாதான் இருந்தது. "நாலுன்னு சொன்னீங்களே அக்கா?" என்றாள் என் மகள். "யூரோப்பா வியாழனோட நிழலுக்குள்ள இருக்கு பாப்பா, இப்ப வந்துரும், இரு" என்று பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள் அந்த மாணவி. வரிசை ஓடிக்கொண்டே இருந்தது. நேரம் வந்ததும் மறுபடி கண்ணை வைக்கச் சொன்னாள். வெறும் கருப்பில் ஒரு மங்கல் புள்ளி, பார்க்கப் பார்க்க வெளிச்சம் கூடியது. "அம்மா, வந்துட்டா!" என்று மகள் கத்தியது மாடி முழுக்கக் கேட்டது.

கரிசல்மணி, அப்பத்தாவை இங்கே கூட்டி வாருங்கள். அந்தப் பிள்ளைகளிடம் நானே பேசுகிறேன்.