லிமிங்டனிலிருந்து பூலுக்குப் பாய்ப்படகு: எப்போது கிளம்புவது?

கேள்வி: வணக்கம். சனிக்கிழமை 26 அடிப் படகில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லிமிங்டனிலிருந்து நீடில்ஸ் பாறைகள் பக்கமாகப் பூல் துறைமுகம் போகிறோம். தென்மேற்குக் காற்று, போஃபோர்ட் காற்று அளவுகோலில் 4 (மிதமான காற்று). எப்போது கிளம்பலாம்?

பதில்: போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கடல் உச்ச ஏற்றம் அடைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே ஹர்ஸ்ட் குறுகலில் (வழியில் வரும் இடுக்கான கடல்வழி) நீரோட்டம் மேற்கே திரும்பிவிடும். அதைப் பிடியுங்கள், தம்பி. ஆனால் தென்மேற்குக் காற்று அதற்கு நேர் எதிர். ஷிங்கிள்ஸ் என்ற ஆழமில்லாத கூழாங்கல் திட்டுப் பக்கம் அலை செங்குத்தாக எழும்பி, முன்தளம் முழுக்கத் தண்ணீர் அடிக்கும். நானாக இருந்தால் திட்டுக்கு வடக்கே, கரையோர நார்த் சேனலில்தான் போவேன். பாயைக் குறுகலுக்கு முன்பே சுருக்கிவிடுங்கள்.

கேள்வி: சரி அண்ணா, நன்றி. வழியில், பூலுக்கு அருகே உள்ள ஸ்டட்லாந்து விரிகுடாவில் நங்கூரம் போடலாமா?

இன்னொருவர்: கடற்புல் மேல் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. கடல்குதிரைகள் வாழும் இடம் அது. சங்கிலி புரண்டால் புல் வேரோடு போய்விடும். அங்கே புல்லைக் கெடுக்காத மிதவைகள் போட்டிருக்கிறார்கள், அதில் கட்டுங்கள்.