ரிவர் க்ரூஸ்ல பாஸாவ் ஊருக்கு அரை நாள்தான், டூர் எடுக்கலாமா நாமளே நடக்கலாமா?

கிருஷ்ணகிரி_மாம்பழம்:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா ஜெர்மனில இருக்காங்க, செப்டம்பர்ல அப்பா அம்மாவையும் என்னையும் நியூரம்பெர்க்ல இருந்து புடாபெஸ்ட் வரைக்கும் கப்பல்ல கூட்டிட்டு போறாங்க. வழியில ஜெர்மனிலயே பாஸாவ்ங்கிற ஊர்ல காலைல இருந்து மதியம் வரைக்கும் நிக்குமாம். கப்பல்காரங்க டூருக்கு தனியா காசு கேக்குறாங்க, நாலு பேருக்கு ரூபாயில போட்டு பாத்தா தலை சுத்துது. அப்பாவுக்கு முட்டி வலி வேற, அம்மா சுத்த சைவம். போனவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஒகேனக்கல்_பரிசல்:
டூர் வேணாம்ங்க. பழைய ஊரே டான்யூப் ஆத்துக்கும் இன்ங்கிற ஆத்துக்கும் நடுவுல ஒரு ஒல்லியான துண்டு நிலந்தான், தொலைஞ்சு போகவே முடியாது, எந்தப் பக்கம் போனாலும் ஆறு வந்துரும். அப்பாவ ஆத்தங்கரையோரமாவே முனை வரைக்கும் கூட்டிட்டு போங்க, மேடு கிடையாது, உக்கார பெஞ்ச் இருக்கு. அங்கதான் மூணு ஆறும் சேருது. இன் ஆல்ப்ஸ்ல இருந்து வர்றதால வெளிறின பச்சை, மூணாவது ஆறான இல்ஸ் சதுப்பு நிலத்துல இருந்து வர்றதால கருப்பு, நடுவுல டான்யூப். சேந்த உடனே கலக்காது, கொஞ்ச தூரம் கோடு போட்டாப்ல தனித்தனியா ஓடும். ஆடி மாசம் நம்ம ஒகேனக்கல்ல செந்தண்ணி வர்றத பாத்து வளந்தவனுக்கே வாய் பொளந்துருச்சு. இன்னொன்னு, வருஷக் கணக்குல பாத்தா இன்லதான் தண்ணி அதிகம், ஆனா பேரு மட்டும் டான்யூபுக்கு போயிருச்சு, பாவம்.

பாலக்கோடு_தக்காளி:
மேல சொன்னது சரி, ஆனா கதீட்ரல்ங்கிற பெரிய சர்ச்ச விட்டுறாதீங்க. 1662ல ஊரே தீப்பிடிச்சு எரிஞ்சப்புறம் இத்தாலிகாரங்கள கூப்பிட்டு திரும்ப கட்டுனது, உள்ள பூரா வெள்ளை சுதை வேலை, அண்ணாந்து பாத்து கழுத்து வலிச்சதுதான் மிச்சம். அங்க இருக்குற ஆர்கன்ங்கிற காத்து வாத்தியத்துக்கு 17,974 குழாய். மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் ஞாயிறு தவிர மத்தியானம் 12 மணிக்கு கச்சேரி வைப்பாங்க, அன்னைக்கு உண்டான்னு கப்பல் ரிசப்ஷன்ல முந்தின நாளே கேட்டுருங்க. கோயில் கொஞ்சம் மேட்டுல இருக்கு, தெரு பூரா கல்லு பாவுனது, அப்பாவுக்கு செருப்பு வேணாம், ஷூ போட்டு விடுங்க.

அப்புறம் டவுன்ஹால் செவுத்துல வெள்ளம் எந்த வருஷம் எவ்வளவு ஏறுச்சுன்னு கோடு போட்டு வெச்சிருக்காங்க. 2013 ஜூன்ல 12.89 மீட்டர், 1501க்கு அப்புறம் அவ்வளவு வந்ததே இல்லையாம். அந்தக் கோட்டுக்கு கீழ நின்னு நிமிந்து பாத்தாதான் புரியும், பக்கத்து கடை எல்லாம் முங்கிருக்கும்னு.

ஓசூர்_ரோஜா:
யாரும் சொல்லாதத நான் சொல்றேன். செப்டம்பர்ல தண்ணி குறைஞ்சா கப்பல் போகாது! ஷ்ட்ரவ்பிங் ஊருக்கும் பாஸாவுக்கு முன்னாடி வர்ற ஃபில்ஸ்ஹோஃபென் ஊருக்கும் நடுவுல ஆத்துல தடுப்பணையே கிடையாது, தண்ணி இருந்தாதான் ஆழம். எங்கள ராத்திரியோட ராத்திரியா பஸ்ல ஏத்தி அந்தப் பக்கம் வேற கப்பலுக்கு மாத்துனாங்க, காசு ஒரு பைசா திரும்பி வரல, இன்னும் வயித்தெரிச்சல் அடங்கல. புக் பண்ணும்போது இதுக்கு என்ன தருவாங்கன்னு எழுத்துல வாங்குங்க. சில கப்பல் ஊருக்கு வெளியவே நிக்கும், அதையும் கேளுங்க. நடு ஊர்ல நிறுத்துனா ரெண்டு மூணு கப்பல ஒட்டி ஒட்டி கட்டிருவாங்க, பக்கத்து கப்பலுக்குள்ள புகுந்துதான் கரை ஏறணும், ஜன்னல தொறந்தா எதுத்த ரூம்காரர் பல்லு வெளக்கிட்டு நிப்பாரு 😂

அம்மா சாப்பாட்டுக்கு: சைவம்னு முன்னாடியே மெயில் போடுங்க, முட்டை மீன் எதுவும் ஆகாதுன்னு பிரிச்சு எழுதுங்க. காய்கறி சூப்னாலும் எந்தத் தண்ணில வேக வெச்சாங்கன்னு கேளுங்க, கறி வேக வெச்ச தண்ணியா இருக்கும். பருப்புப்பொடி எடுத்துட்டு போனா பொழச்சுக்கலாம்.

கிருஷ்ணகிரி_மாம்பழம்:
ரொம்ப நன்றிங்க. டூர் கேன்சல். அக்காகிட்ட தண்ணி விஷயம் சொன்னேன், இப்பவே கம்பெனிக்கு மெயில் போடுறாங்க. ஆனா மலை மேல ஒரு கோட்டை இருக்காமே, அப்பாவால முடியுமா?

ஒகேனக்கல்_பரிசல்:
ஓபர்ஹவுஸ். 1219ல கட்ட ஆரம்பிச்சது. படி ஏற வேணாம், சீசன்ல டவுன்ஹால்கிட்ட இருந்து பஸ் போகும். இல்ஸ் எவ்வளவு கருப்புன்னு மேல இருந்து பாத்தாதான் நல்லா தெரியும். ஆனா கச்சேரியும் கோட்டையும் அரை நாள்ல சேராதுங்க, ஏதாச்சும் ஒன்னு. என்னைக் கேட்டா கோட்டை, பாலக்கோட்டுக்காரர் சண்டைக்கு வருவாரு.