சங்கத்துக்கு ரோபோ வாங்கலாமா?

பெரியப்பா: எல்லாரிடமும் ஒரு யோசனை கேட்க வேண்டும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில், மூத்தவர்கள் கூடும் அறைக்கு ஒரு துணை ரோபோ வாங்கலாம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஆதரிக்கலாமா, வேண்டாமா?

சித்தி: இத்தனை மனிதர்கள் இருக்கும்போது ரோபோ எதற்கு?

கவிதா: எங்கள் ஆபீஸிலும் இதே பேச்சுதான் சித்தி. வாரம் ஒரு முறை ஊழியர்கள் அதனுடன் உட்கார்ந்து பேசலாமாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நிறுவனத்தில் இதைச் செய்து பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள். 26 ஊழியர்கள், நான்கு வாரம், இரண்டு வகை ரோபோ. நடந்த நல்ல விஷயம் ஒன்றைச் சொல்லுங்கள், எதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது என்கிற மாதிரிப் பயிற்சிகள். பொம்மை போலிருந்த சின்ன ரோபோவோடுதான் ஒட்டுதல் அதிகம். மனித உருவில் இருந்ததிடம் நிறைய எதிர்பார்த்து ஏமாந்துவிட்டார்கள்.

பெரியப்பா: அப்படியா! எங்களுக்குக் காட்டிய படத்தில் கை, முகமெல்லாம் மனிதனைப் போலவே இருந்தது.

மலர் அக்கா: பெரியப்பா, இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்தது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். எங்கள் முதியோர் இல்லத்தில் பாரோ என்று ஒரு ரோபோ இருக்கிறது. ஜப்பானில் செய்தது, சீல் என்ற கடல் விலங்கின் வெள்ளை நிறக் குட்டி உருவம். நாய், பூனை என்றால் நிஜத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்வோம். சீல் குட்டியை யாரும் வளர்த்ததில்லை, அதனால் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். அமெரிக்காவில் 2009-லேயே மருத்துவச் சாதனமாக அங்கீகரித்தார்கள். அது பேசாது. தடவினால் தலையைத் திருப்பும், கண்ணை மூடித் திறக்கும், முனகும். சார்ஜ் போடுவது கூட குழந்தையின் சூப்பான் மாதிரி ஒன்றை வாயில் வைத்துத்தான்.

மலர் அக்கா: யாரிடமும் பேசாத ஒரு பாட்டி மடியில் அதை வைத்தேன். ரொம்ப நேரம் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் பக்கத்துப் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்து, "இங்கே பாருங்க, கண்ணைத் திறக்குது" என்றார். இரண்டு பேரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் சித்தி நாங்கள் அதை வைத்திருக்கிறோம். மடியில் கொடுத்துவிட்டு எழுந்து போனால் பாதிப் பலன்கூட இல்லை, யாராவது கூடவே உட்கார வேண்டும்.

சித்தி: நினைவு தப்பியவர்கள் உயிருள்ளது என்று நம்பிவிட மாட்டார்களா?

மலர் அக்கா: சிலர் நம்புவார்கள். கேட்டால் பொம்மை என்றே சொல்வோம், பொய் சொல்வதில்லை. பிடிக்கவில்லை என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. அவர்களிடம் திரும்ப நீட்டவே மாட்டோம்.

அருண்: பெரியப்பா, இணையம் வழியே நிறுவனத்தின் சர்வர் கணினியோடு இணையாமல் அது இயங்குமா என்று கேளுங்கள். ஜிபோ என்று ஒரு ரோபோ 2017-ல் வந்தது. 2019-லேயே, சர்வரை நிறுத்தப் போகிறார்கள் என்று தானே வீட்டுக்காரர்களிடம் சொல்லி விடைபெற்றது. குழந்தைகளுக்கான மாக்ஸி என்ற ரோபோவைச் செய்த நிறுவனமும் 2024 டிசம்பரில் மூடுவதாக அறிவித்தது. பழகிய குழந்தைக்கு அதை எப்படிச் சொல்வது என்று பெற்றோர் தவித்துப்போனார்கள். தனியாக இருக்கும் பெரியவருக்கும் அப்படித்தானே இருக்கும்?

கவிதா: என் பயம் வேறு. ஆபீஸ் ரோபோ என் முகத்தைப் பார்த்து "இவர் சோர்ந்திருக்கிறார்" என்று மேலாளருக்கு அறிக்கை அனுப்பினால்? ஐரோப்பிய ஒன்றியத்தில், வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சியைக் கணிக்கும் ஏஐக்கு 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. நம் ஆபீஸ் எங்கே இருந்தாலும் அந்த வரம்பை வைத்துக்கொள்வது நல்லது. பேசுவதும் பேசாததும் அவரவர் விருப்பம், பதிவு எதுவும் மேலிடத்துக்குப் போகாது என்று எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலைப்பளுவைக் குறைக்காமல் ரோபோவை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினால் அதை நலத்திட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சித்தி: யாராவது மனசு உடைந்து, வாழப் பிடிக்கவில்லை என்று அதனிடம் சொல்லிவிட்டால்?

மலர் அக்கா: மிக முக்கியமான கேள்வி சித்தி. அந்த நேரத்தில் ரோபோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஒரு மனிதருக்குத் தகவல் போக வேண்டும். அந்த மனிதர் யார் என்பது வாங்கும் முன்பே முடிவாக வேண்டும். இப்படித் தகவல் போகும் என்பதைப் பேச வருகிறவர்களிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கவிதா: ஆமாம் அக்கா. எங்கள் பட்டியலில் இது இல்லை, இன்றைக்கே சேர்க்கிறேன்.

பெரியப்பா: சரி, இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். முதலில் ஒரு மாதம் வாடகைக்கு. பேசாத, பொம்மை மாதிரியான வகை. அறையில் எப்போதும் தொண்டர் ஒருவர். கேமரா இருந்தால் மூடிவைக்க வேண்டும். வேண்டாம் என்பவர்கள் உட்கார ரோபோ இல்லாத மூலை ஒன்று.

சித்தி: தொண்டர் வேண்டுமென்றால் செவ்வாய், வியாழன் மாலை நான் வருகிறேன்.

அருண்: விற்பவர் கூட்டத்துக்கு வந்தால், வைஃபையை அணைத்துவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பெரியப்பா: குறித்துக்கொண்டேன். மலர், ஞாயிறு பதினோரு மணிக்கு உனக்கு வசதிப்படுமா? பாரோ பற்றி நீயே போனில் பேசிவிடும்மா.

மலர் அக்கா: அன்று எனக்கு மதிய ஷிஃப்ட்தான் பெரியப்பா. கூப்பிடுங்கள்.