புதுப்பிப்பு: காரைக்குடி காலிமனைத் தோட்டம், தண்ணீர் ஊற்றும் முறை

முன்பு இங்கே கேட்டிருந்தேன்: தெருக்காரர்கள் சேர்ந்து காலிமனையில் காய்கறி போட்டிருக்கிறோம், ஆடியில் விதைக்கக் கூட்டம், புரட்டாசி வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

ஆளுக்கொரு பாத்தி என்ற யோசனை எடுபடவில்லை. வெளியூர் போனவர் பாத்தி காய்ந்தது, பக்கத்துப் பாத்திக்காரர் தொடத் தயங்கினார். இப்போது பாத்தி பொது, கிழமைதான் சொந்தம். செவ்வாய்க்காரர் வர முடியாவிட்டால் மாற்று ஆளை அவரே பிடிக்க வேண்டும். வாட்ஸப் குழுவில் "யாராவது போங்க" என்று போட்டால் ஒருத்தரும் போவதில்லை!

நம்மூர் செம்மண் சரளையில் தண்ணீர் நிற்காது. அதனால் மேட்டுப்பாத்தியைக் கலைத்துப் பள்ளப்பாத்தி ஆக்கி, வேப்பஞ்சருகும் தேங்காய் நாரும் மூடாக்குப் போட்டோம். மறுநாள் விரலை விட்டுப் பார்த்தாலும் ஈரம் இருக்கிறது. ஐப்பசி மழைக்குத் தேங்காதா என்று கேட்டவருக்கு: ஓரத்தில் தண்ணீர் வடிய வாய் வெட்டி விட்டிருக்கிறோம்.

செடிக்கு ஊற்றும் இயற்கை உரக் கரைசலான ஜீவாமிர்தத்துக்கு அளவு கேட்டிருந்தார்கள். 200 லிட்டர் தண்ணீருக்குச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, கைப்பிடி மண். நிழலில் வைத்துத் தினமும் கலக்க வேண்டும். எங்களுக்குக் கால் பங்கே தாராளம். நாற்றம் என்று பக்கத்து வீட்டு ஆச்சி சத்தம் போட, பீப்பாய் மனையின் கோடிக்குப் போய்விட்டது. கோசமல்லி (இட்லிக்குத் தொட்டுக்கொள்வது) வைக்கக் கத்தரிக்காய் கொடுத்ததும் ஆச்சி சமாதானம்.

விளைச்சலைப் பங்கு போடுவதில்தான் இன்னும் இழுபறி. உங்கள் ஊரில் எப்படிச் செய்கிறீர்கள், சொல்லுங்கள்.