14 நாள் குஞ்சுகளுக்கு விரல் உள்ளே மடங்குகிறது, கால்சியம் கொடுத்தும் கேட்கவில்லை

கேள்வி:
நாட்டுக்கோழிக் குஞ்சு 12, வயது 14 நாள். அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து 60 வாட் பல்பு போட்டிருக்கிறேன். தீனி அரிசி நொய், கொஞ்சம் கம்பு. மூன்று குஞ்சுகளுக்கு விரல்கள் உள்ளே சுருண்டுவிட்டன, கணுமூட்டை ஊன்றித்தான் நகர்கின்றன. தீனி நன்றாக எடுக்கின்றன, கழிச்சல் இல்லை. பிந்திப் பொரித்த 3 நாள் குஞ்சு ஒன்றுக்கு மட்டும் இரண்டு காலும் பக்கவாட்டில் அகன்று கிடக்கிறது. கால்சியம் டானிக் மூன்று நாள் கொடுத்தாயிற்று. வாதமா அண்ணே?

பதில் 1:
விரல் சுருளும் மூன்றுக்கும் வைட்டமின் பி2 குறைவு தம்பி. குஞ்சுக்கு ஒரு கிலோ தீனியில் 3.6 மில்லிகிராம் பி2 வேண்டும். நொய்யில் சுமார் அரை மில்லிகிராம், கம்பில் 2 மில்லிகிராம்தான் இருக்கும். கால்சியம் இதற்கு மருந்தே இல்லை.

10 மி.கி. ரிபோஃப்ளேவின் (பி2-வின் இன்னொரு பெயர்) மாத்திரை ஒன்றை நுணுக்கி 10 மில்லி தண்ணீரில் கலக்குங்கள். முழுதாகக் கரையாது, ஒவ்வொரு முறையும் குலுக்கி, ஊசி கழற்றிய இன்சுலின் சிரிஞ்சில் 0.2 மில்லி எடுத்து அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும். மறுநாள் இன்னொரு முறை. இன்றே நொய்யை நிறுத்திவிட்டுக் கம்பெனி குஞ்சுத் தீவனத்துக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் திரும்ப வரும். தீவனம் கிடைக்கும்வரை அவித்த முட்டையை உதிர்த்துக் கொடுக்கலாம்.

டானிக் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். ஏ, டி3, ஈ, பி12 மட்டும் போட்டிருந்தால் அதில் பி2 இல்லை. பி2 வெளிச்சத்தில் கெட்டுவிடும், கலந்த தண்ணீரை வெயிலில் வைக்காதீர்கள்.

பதில் 2:
கால் அகன்ற குஞ்சுக்குக் காரணம் அந்தச் செய்தித்தாள். வழுக்கும் தரையில் கால் பிடிப்பதில்லை. முதலில் காலைக் கட்டிவிடாமல் கணுமூட்டின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். தசைநார் நடுக் குழியில் இருக்க வேண்டும். பக்கத்தில் நழுவி மூட்டு வீங்கியிருந்தால் அது வேறு கோளாறு, கட்டு பலிக்காது, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழியில் இருந்தால் மைக்ரோபோர் டேப்பை (காயத்துக்கு ஒட்டும் காகித டேப்) இரண்டு கணைக்காலிலும் எட்டு வடிவில் சுற்றி, நடுவில் சுமார் 2.5 செ.மீ. இடைவெளி விடுங்கள். இறுக்கினால் பாதம் வீங்கும். தினமும் அவிழ்த்துப் பார்த்து 3 முதல் 5 நாள் வரை வைக்கலாம். தரைக்குக் கோணிச் சாக்கு போடுங்கள்.

கேட்டவர்:
தசைநார் குழியில்தான் இருக்கிறது, கட்டிவிட்டேன். சுருண்ட மூன்றில் ஒன்றுக்கு விரல் ஒரு வாரமாகவே மடங்கியிருக்கிறது. அது தேறுமா?

பதில் 1:
சிரமம்தான். தொடை நரம்பு வீங்கி நாளானால் பி2 கொடுத்தாலும் விரல் விரியாது. மற்ற இரண்டும் ஓரிரு நாளில் ஊன்றத் தொடங்க வேண்டும். இதைத் தனியே வைத்து, தீனியும் தண்ணீரும் மூக்குக்கு எட்டும் உயரத்தில் தாழ்வாக வையுங்கள், மற்றவை மிதிக்கும். நான்கு நாளாகியும் விரல் பிடிக்காவிட்டால் அது நிமிராது. கழுத்து திருகுவதோ பச்சைக் கழிச்சலோ தென்பட்டால் இது பி2 பிரச்சினை அல்ல, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.