கச்சேரிப் பதிவுகளும் திரைப்பாடல்களும் கேட்க 15,000 ரூபாய்க்குள் எந்தப் பெரிய ஹெட்போன் பொருந்தும்?

மாடிவீட்டு ரசிகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காதை முழுவதுமாக உள்ளே வாங்கிக்கொள்ளும் பெரிய ஹெட்போன் ஒன்று வாங்குவதற்காக 15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். நான் கேட்பவற்றில் பாதிக்கு மேல் கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகள். அவற்றில் பல, சபாக்களில் பல ஆண்டுகளுக்கு முன் பதிவானவை, ஒலியளவு குறைந்தவை, பின்னணியில் நாடா இரைச்சலும் உண்டு. மீதியில் பெரும்பகுதி 1960-களின் திரைப்பாடல்களும், பேஸ் கிட்டார் தனித்து ஒலிக்கும் 1980-களின் திரைப்பாடல்களும். இன்றைய துள்ளல் பாடல்களை மகள் கேட்கும்போது மட்டும் நானும் கேட்பேன்.

கைப்பேசியில் 3.5 மி.மீ. துளை இல்லை, மடிக்கணினியில் இருக்கிறது. தனியாக ஆம்ப்ளிஃபையர் எதுவும் இல்லை. இணையத்தில் தேடினால் ஒருவர் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகையைப் புகழ்கிறார். இன்னொருவர் இந்த விலைக்கு ப்ளூடூத்தும் இரைச்சல் நீக்கமும் உள்ளதை வாங்காமல் கம்பி உள்ளதை வாங்குவது வீண் என்கிறார். ஓம் என்ற எண் கூடினால் தரமும் கூடுமா, என் ரசனைக்கு எந்த வகை ஒத்துவரும் என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


செவிக்குணவு எழுதியது:

வணக்கம் ஐயா. மாடலின் பெயருக்குப் போவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது, ஓபன் பேக் வேண்டுமா க்ளோஸ்டு பேக் வேண்டுமா என்பதுதான். க்ளோஸ்டு பேக்கில் மூடியிருக்கும் கிண்ணத்தின் வெளிப்புறம், ஓபன் பேக் வகையில் வலையாகத் திறந்திருக்கும். ஒலி உள்ளே முட்டித் திரும்பாததால் பாடகர், வயலின், மிருதங்கம் ஆகிய மூன்றும் தலைக்குள் நெருக்கியடிக்காமல் சற்று விலகி உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு கிடைக்கும். சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் எச்டி 414 என்ற மாடலில் கொண்டுவந்த இந்த அமைப்புதான் இன்றும் அவர்களுடைய எச்டி 600 வரிசையில் தொடர்கிறது. குறை என்னவென்றால், நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், வீட்டுச் சத்தம் உங்களுக்கும் கேட்கும்.

அடுத்தது ரசனை. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகருக்கு அது 196 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பி இதற்கும் கீழே இறங்கும், ஆனால் கச்சேரியின் உயிர் அதற்கு மேலுள்ள நடுப்பகுதியில்தான் இருக்கிறது. கமகத்தின் நெளிவு, சாகித்தியத்தின் சொல் தெளிவு, தம்புராவின் ஜீவா ஒலி ஆகியவை துலங்க வேண்டுமென்றால், பேஸையும் (அடி ஒலி) ட்ரெபிளையும் (உச்ச ஒலி) தூக்கி நடுப்பகுதியை அமுக்கும் ஹெட்போன் உங்களுக்கு ஆகாது. கடையில் இரண்டு நிமிடம் கேட்கும்போது பிரமாதமாகத் தோன்றுபவை பெரும்பாலும் அந்த வகைதான் என்பதால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

டிடி 990 ப்ரோவைப் பற்றிய என் கருத்து வெளிப்படையானது: உங்களுக்கு அது வேண்டாம். ஏறக்குறைய 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அதற்கு இருக்கும் ஏற்றம், பழைய பதிவின் நாடா இரைச்சலையும், ‘ச’கரம், ‘ஸ’கரம் வரும் இடங்களில் எழும் சீறலையும், வயலின் வில்லின் உராய்வையும் முன்னே இழுத்து வந்து நிறுத்தும். ஸ்டூடியோவில் பதிவின் குறைகளைத் தேடுபவருக்கு அது உதவும். இரண்டரை மணி நேரக் கச்சேரியைக் கேட்டு மகிழ நினைப்பவருக்கு அது தலைவலி.

உங்கள் தொகையை ஒட்டி, ஓபன் பேக் வகையில் நான் முதலில் சொல்வது சென்ஹைசர் எச்டி 560எஸ். விலை தள்ளுபடியைப் பொறுத்து உங்கள் வரம்பின் விளிம்பில் ஏறி இறங்கும். 240 கிராம்தான் எடை. நடுப்பகுதி நேர்மையாக இருக்கும். 1980-களின் பேஸ் கிட்டார் வரிகளும் மங்காது. அது எட்டவில்லை என்றால் பிலிப்ஸ் எஸ்எச்பி 9500 கிடைக்கிறதா என்று பாருங்கள். அதன் அடி பேஸ் மெலிந்ததுதான், ஆனால் கச்சேரிக்கு அது பெரிய இழப்பு இல்லை.


ஓம்விதி எழுதியது:

ஓம் குறித்த கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்த எண் தரத்தின் அளவு அல்ல, மின்தடையின் அளவு. உணர்திறன் (கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) என்ற இன்னொரு எண்ணோடு சேர்த்துப் படித்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

நீங்கள் கேட்ட நிறுவனத்தின் டிடி 770 ப்ரோவையே எடுத்துக்கொள்வோம். அதன் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். மின்திறன் பத்து மடங்கானால் ஒலி 10 டெசிபல் ஏறும். இரட்டித்தால் 3 டெசிபல் ஏறும். இசையின் உச்சத் தருணங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 25 மில்லிவாட் தேவை. 80 ஓம் வகையில் அதைப் பெற 1.4 வோல்ட் போதும். 250 ஓம் வகைக்கு 2.5 வோல்ட் வேண்டும். கைப்பேசியில் செருகும் சாதாரண யூஎஸ்பி-சி டோங்கிள்கள் (3.5 மி.மீ. துளை தரும் சிறு இணைப்பான்கள்) பல ஒரு வோல்ட் அளவில் நின்றுவிடும். அந்த ஒரு வோல்ட்டில் 250 ஓம் வகை ஏறத்தாழ 102 டெசிபல் வரை போகும். சத்த வேறுபாடுகளை அழுத்திப் பதிவு செய்யப்பட்ட இன்றைய பாடலுக்கு அது தாராளம். ஒலியளவு குறைந்த சபா பதிவுக்கோ, ஒலியை முழுவதும் கூட்டிய பிறகும் ‘இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்குமே’ என்று தோன்றும்.

ஓம் குறைவாக இருந்தால் எளிதில் இயங்கும் என்று நினைப்பதும் தவறு. ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ என்ற பிளானர் வகை (தட்டையான மெல்லிய படலம் ஒலியெழுப்பும்) ஹெட்போன் 25 ஓம்தான், ஆனால் அதன் உணர்திறன் 91 டெசிபல். அதே 110 டெசிபலுக்கு அது கிட்டத்தட்ட 80 மில்லிவாட் கேட்கும். வோல்ட் கணக்கில் 80 ஓம் டிடி 770-க்குத் தேவையான அதே 1.4 தான், மின்னோட்டம் மட்டும் 18 மில்லிஆம்பியருக்குப் பதிலாக 56 மில்லிஆம்பியர். சிறிய டோங்கிள் மூச்சுத் திணறும் இடம் அதுதான்.

ஆகவே பணத்தை ஹெட்போனுக்குப் பாதி, ஆம்ப்ளிஃபையருக்குப் பாதி என்று பிரிக்காதீர்கள். கைப்பேசியும் மடிக்கணினியும் சிரமமின்றி இயக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏறக்குறைய முழுத் தொகையையும் அதற்கே செலவிடுங்கள். செவிக்குணவு அவர்கள் சொன்ன எச்டி 560எஸ் 120 ஓம் என்றாலும் ஒரு வோல்ட்டுக்கே 110 டெசிபல் தரக்கூடியது. உங்களுக்கு நல்ல டோங்கிள் ஒன்றே போதும்.


மாடிவீட்டு ரசிகர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு விவரத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நான் கேட்பது பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பிறகு, மனைவியும் மகளும் உறங்கும் அதே அறையில். மின்விசிறி முழு வேகத்தில் ஓடும். கண்ணாடியும் அணிகிறேன். இந்நிலையில் ஓபன் பேக் சரிப்படுமா?


பழைய ரெக்கார்டு எழுதியது:

சரிப்படாது. செவிக்குணவு அவர்களின் காதைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அவருடைய பரிந்துரை தனி அறை உள்ளவர்களுக்கு உரியது. அமைதியான இரவில் நான்கடி தள்ளிப் படுத்திருப்பவருக்கு ஓபன் பேக்கில் தனி ஆவர்த்தனம் நன்றாகவே கேட்கும்.

உறங்குபவர்களை விட்டுவிட்டாலும் மின்விசிறி இருக்கிறது. இரைச்சல் உள்ளே வந்தால் கை தானாகவே ஒலியைக் கூட்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதாவது 86 டெசிபலில் கேட்டால் வாரத்துக்குப் பத்து மணி நேரம்தான். க்ளோஸ்டு பேக் வகை காற்றின் ‘உஸ்’ஸென்ற ஓசையை நன்றாகவே குறைக்கும், விசிறியின் அடி உறுமல் ஓரளவு உள்ளே வரத்தான் செய்யும்.

அந்த உறுமலை நீக்குவதில் மட்டும் ப்ளூடூத் இரைச்சல் நீக்கிகள் கெட்டிக்காரத்தனமானவை. பயணம் அதிகம் செய்பவராக இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு, கொடுக்கும் விலையில் ஒரு பங்கு பேட்டரிக்கும் சில்லுகளுக்கும் மைக்குகளுக்கும் போய்விடுகிறது. அந்தப் பேட்டரியும் சில ஆண்டுகளில் தளரும்.

க்ளோஸ்டு பேக்கில் மூன்று பெயர்களை எடைபோடலாம். சோனி எம்டிஆர்-7506, 1991 முதல் ஸ்டூடியோக்களில் உழைத்துக்கொண்டிருக்கும் மாடல். சொல் தெளிவுக்கு நிகரில்லை, ஆனால் மேல் ஸ்தாயியில் சற்றே கூர்மை, கம்பியும் கழற்ற முடியாதது. ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் மகளுக்குப் பிடிக்கும். பேஸ் கூடுதலாக இருப்பதால் மிருதங்கத்தின் தொப்பி சில பதிவுகளில் வீங்கி ஒலிக்கும். அதே நிறுவனத்தின் எம்40எக்ஸ் விலையில் குறைவு, பெயரிலும் குறைவு, ஆனால் குரலுக்கு அண்ணனை விட நேர்மையானது. 35 ஓம் என்பதால் கைப்பேசிக்கும் சுமை இல்லை. இவருடைய ரசனைக்கு நான் அதைத்தான் முதலில் வைப்பேன். மீதமாகும் தொகையில் நல்ல டோங்கிளும் மாற்று இயர்பேடும் வந்துவிடும்.


செவிக்குணவு எழுதியது:

அதே அறையில் குடும்பத்தினர் உறங்குகிறார்கள் என்று தெரிந்த பிறகு ஓபன் பேக்கை வற்புறுத்த மாட்டேன். ஆயினும் எம்40எக்ஸ் பற்றி ஓர் ஆட்சேபம் உண்டு. அதன் கிண்ணத்தின் உட்பரப்பு சிறியது; பெரிய காது உள்ளவர்களுக்கு விளிம்பு காதின் மேலேயே அமரும். கண்ணாடிக் காம்பையும் அது அழுத்தும். காம்பு போகும் இடத்தில் இடைவெளி விழுந்தால் முதலில் கசிந்து போவது பேஸ்தான் என்பதால், கண்ணாடி அணிபவர்கள் ‘இந்த ஹெட்போனில் பேஸே இல்லை’ என்று குறைசொல்லும்போது பல நேரங்களில் குற்றம் ஹெட்போனில் இருப்பதில்லை.

அந்த வகையில் டிடி 770 ப்ரோவின் 80 ஓம் வகை இவருக்கு மேலானது என்பது என் எண்ணம். கிண்ணம் அகலமானது, வெல்வெட் போன்ற துணி மெத்தை காம்பின் மீது மென்மையாகப் படியும். இவர் கேட்ட 990-ஐப் போலவே இதற்கும் ட்ரெபிள் ஏற்றம் உண்டு என்று யாரும் என்னைத் திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஈக்வலைசரில் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் செயலி) 8 கிலோஹெர்ட்ஸ் அருகே நான்கைந்து டெசிபல் குறைத்தால் அந்தக் கூர்மை பெருமளவு அடங்கும். விண்டோஸ் கணினிக்கு ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டுக்கு வேவ்லெட் ஆகிய செயலிகள் உள்ளன. ட்ரெபிளை இப்படிச் சரிசெய்துகொள்ளலாம். சிறிய கிண்ணத்தை எந்தச் செயலியாலும் பெரிதாக்க முடியாது.


பழைய ரெக்கார்டு எழுதியது:

வாங்கிய அன்றிலிருந்தே ஈக்வலைசரைத் தொட்டாக வேண்டிய ஹெட்போனைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. அதன் மூன்று மீட்டர் கம்பி கட்டிலில் படுத்துக் கேட்பவரின் கழுத்தைச் சுற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி விஷயத்தில் மட்டும் உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன்.

இயர்பேடு பற்றி ஒன்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் செயற்கைத் தோல் மெத்தைகள் வியர்வை பட்டு உரிந்து, கறுப்புச் செதில்களாகக் கன்னத்தில் ஒட்டும். துணி மெத்தை அந்தத் தொல்லையைத் தராது, ஆனால் தோலுக்குப் பதில் துணியை மாட்டினால் ஒலியும் மாறும். பெரும்பாலும் பேஸ் குறையும். எனவே மாற்றும்போது அதே மாடலுக்கென்று செய்த அதே வகை மெத்தையைத் தேடுவது நல்லது.


ஓம்விதி எழுதியது:

இருவர் சொன்ன இரண்டையும் கடையில் அரை மணி நேரமாவது மாட்டிப் பார்க்க முடிந்தால் இந்த வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். கண்ணாடியைக் கழற்றாமல் மாட்டுங்கள். கடைக்காரர் போடும் பாடலை விட்டுவிட்டு, உங்களுக்கு மனப்பாடமான மூன்று பதிவுகளைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள்: இரைச்சல் மிகுந்த ஒரு சபா பதிவு, பேஸ் கிட்டார் உள்ள ஒரு திரைப்பாடல், 1960-களின் மோனோ பாடல் (இரு காதிலும் ஒரே ஒலி வருவது) ஒன்று. மோனோ பாடலில் குரல் தலையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரு ட்ரைவர்களும் (ஒலியெழுப்பும் பாகங்கள்) ஒத்துப்போகவில்லை என்று பொருள், அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். ஒப்பிடும்போது இரண்டிலும் ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சற்றே சத்தமாக ஒலிப்பதுதான் காதுக்கு மேலானதாகத் தோன்றும். கடையில் கேட்டுப் பார்க்க வழியில்லை என்றால், திருப்பி எடுத்துக்கொள்ளும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பெட்டியைத் திறந்த பிறகும் திருப்ப முடியுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.


மாடிவீட்டு ரசிகர் எழுதியது:

மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்று எம்40எக்ஸையும், 80 ஓம் டிடி 770-ஐயும் கண்ணாடியோடு மாட்டிப் பார்க்கிறேன். என் காது சற்றுப் பெரியது என்பதால் செவிக்குணவு அவர்களின் பக்கமே மனம் சாய்கிறது. மூன்று மீட்டர் கம்பியைக் கட்டிலருகே சுருட்டி வைக்க ஏதாவது வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.